துருபதன் சொன்னது

துரோணனும் துருபதனும் ஒரே ஆசிரமத்தில் படித்தவர்கள். ஒருவன் பரத்வாஜ ரிஷியின் மகன், இன்னொருவன் பாஞ்சால ராஜாவின் மகன். சேர்ந்து விளையாடினார்கள், சேர்ந்து வில் பிடித்தார்கள். பிற்பாடு, பெற்ற பிள்ளைக்குப் பால் வாங்க வழியில்லாத நிலையில், அரசனாகிவிட்ட துருபதனிடம் போய் 'சிநேகிதனே' என்று அழைக்கிறான் துரோணன். துருபதனுக்குக் கோபம் வருகிறது. சமமானவர்களுக்குள்தான் சிநேகம், அன்று நாம் ஒரே நிலையில் இருந்தோம், அதனால் அது இருந்தது, அந்த நிலை போயிற்று, அதுவும் போயிற்று. சாராம்சத்தில் அவன் சொல்வது இதுதான். துருபதனை ஒரு கர்வியாகப் பார்க்கத்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கர்வி என்பது வாஸ்தவம். ஆனால் அவன் சொன்னது பொய்யா என்று கேட்டுக்கொண்டவர்கள் அதிகம் இல்லை.

துரோணன் கேட்டுக்கொண்டான் என்று தோன்றுகிறது. சீடர்களை ஏவித் துருபதனைப் பிடித்து வரச் செய்து, பாதி ராஜ்யத்தைத் தான் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருகிறான். அரசனல்லாதவன் அரசனுக்கு நண்பனாக முடியாது என்றாயே, இதோ நானும் அரசன் என்கிறான். பழி தீர்த்துக்கொண்டான் என்று கதாகாலட்சேபக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. அவன் துருபதனின் சித்தாந்தத்தை மறுக்கவேயில்லை. அப்படியே ஒப்புக்கொண்டு, அதன் நிபந்தனையைப் பூர்த்தி செய்துவிட்டு வந்து நிற்கிறான். குசேலர் கதை இதற்கு நேர்மாறு என்பார்கள். அதுவும் சாந்தீபனியிடம் கூடப்படித்தவர்களின் கதைதான். ஆனால் அது எப்படி முடிகிறது? குசேலர் வீடு திரும்பினால் குடிசை இருந்த இடத்தில் மாளிகை நிற்கிறது. ஏழை ஏழையாகவே இருக்க, அரசன் அரசனாகவே இருக்க, இருவரும் நண்பர்களாக நீடித்தார்கள் என்று முடிக்கப் பாகவதக்காரருக்கும் மனசு வரவில்லை. பக்தர்கள் மன்னிக்கட்டும்.

நான் இதையெல்லாம் யோசிக்க ஆரம்பித்தது புராணம் படித்தல்ல. ஒரு துண்டுச் சீட்டை முன்னிட்டு. பி.ஏ. படித்தபோது எங்கள் விடுதியில் முதல் வருஷம் அறை ஒதுக்கியது விண்ணப்ப எண் வரிசைப்படி. அறைக்கு மூன்று பேர். யார் யாரோடு என்பதில் யாருக்கும் சொல்ல எதுவும் கிடையாது. இரண்டாம் வருஷத் துவக்கத்தில் வார்டன் ஒரு சலுகை தந்தார். மூன்று மூன்று பேராக நீங்களே சேர்ந்து பெயர் எழுதிக் கொடுங்கள் என்றார். ஒரே வாரம். முதல் வருஷம் பூராவும் திருச்செந்தூர்க்காரனும் தர்மபுரிக்காரனும், கெமிஸ்ட்ரிக்காரனும் சரித்திரக்காரனும், மெட்ரிகுலேஷனும் கிராமத்துத் தமிழ் மீடியமும் ஒரே கொடியில் துணி காயப்போட்ட மாடி அது. சீட்டுகள் வந்து சேர்ந்தபோது அறைகள் மாவட்டமாகவும் மீடியமாகவும் ஜாதியாகவும் பிரிந்து நின்றன. ஜாதி என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. யாரும் யாரையும் விலக்கியதாகவும் சொல்ல முடியாது. ஒவ்வொருவனும் தனக்குப் பிடித்த இரண்டு பேர் பெயரை எழுதினான், அவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை. நம் கல்லூரிகளில் எல்லோரும் எல்லோருக்கும் மாப்ள, மச்சான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் உறவுக்கான வார்த்தைகள். எவன் வீட்டில் எவன் பெண் எடுக்க முடியாதோ அவனையே நாள் முழுக்க மாப்ள என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இதை ஒரு சமத்துவக் கனவு என்று எடுத்துக்கொள்வதா, அல்லது நிஜத்தில் நடக்க வாய்ப்பே இல்லாததால் தாராளமாகக் கொடுத்துவிட முடிந்த ஒரு வார்த்தை என்று எடுத்துக்கொள்வதா? பாஷை ஆராய்ச்சிக்காரர்கள் கவனிக்க வேண்டிய விஷயம்.

சமூகவியலில் இந்த நாட்டத்துக்கு ஒரு பெயர் இருக்கிறது. ஹோமோஃபிலி என்று 1954இல் லாசர்ஸ்ஃபெல்டும் மெர்ட்டனும் வைத்தது. தன்னை ஒத்ததை நேசித்தல் என்று சொல்லலாம். அவர்கள் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இனம், மதம், படிப்பு, தொழில் என்று சமூகத்தில் ஒருவனுக்கு இருக்கும் நிலையை ஒட்டிய ஒப்புமை ஒன்று. எண்ணங்கள், நம்பிக்கைகள், மதிப்பீடுகள் இவற்றின் ஒப்புமை மற்றொன்று. இரண்டாவதைத்தான் நாம் உயர்ந்தது என்போம். வள்ளுவருக்கும் அதுதான் கட்சி. கூடிப் பழக வேண்டியதில்லை, உணர்ச்சி ஒத்திருந்தால் போதும் என்பது அவர் வாதம். பரிமேலழகர் அதற்கு உதாரணமாகக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் காட்டுகிறார். ஒருவன் சோழ அரசன், மற்றவன் பாண்டி நாட்டுப் புலவன். பார்த்துக்கொள்ளாமலே நண்பர்கள். அரசன் வடக்கிருந்தபோது புலவன் வந்து தானும் வடக்கிருந்தான். நட்புக்கு இதைவிடப் பெரிய உதாரணம் நம்மிடம் இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பார்க்காமல் பழகாமல் இருந்ததால்தானே இருவரின் வித்தியாசமும் ஒருவருக்கொருவர் உறுத்தாமல் இருந்தது? ஒரே அறையில் ஒரு வருஷம் இருந்திருந்தால் புறநானூற்றுக்கு இந்தப் பாட்டுகள் கிடைத்திருக்குமா?

ஒரே கட்டிடத்தில் குடியிருப்பவர்களைப் பற்றியும் ஆராய்ந்திருக்கிறார்கள். ஃபெஸ்டிங்கரும் இரண்டு சகாக்களும் 1950இல் வெளியிட்ட புத்தகம் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மணமான மாணவர்கள் குடியிருப்பைப் பற்றியது. காலியான வீடு யாருக்கு விழுந்ததோ அவருக்கு. அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம். அதே மாடியில் கோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். ஆக நட்பைத் தீர்மானித்தது நடக்க வேண்டியிருந்த சில அடி தூரம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நியூகோம் இன்னும் ஒரு படி போனார். ஒருவரையொருவர் அறியாத 17 மாணவர்களை ஒரு வீட்டில் வாடகையில்லாமல் குடிவைத்து, பதிலுக்கு வாராவாரம் கேள்வித்தாள்களை நிரப்பச் சொன்னார். 1961இல் புத்தகமாக வந்தது. முதல் வாரங்களில் பக்கத்தில் இருப்பவன் நண்பன். வாரங்கள் போகப் போக, யாருடைய அபிப்ராயங்கள் தன்னுடையவற்றோடு ஒத்துப்போகின்றனவோ அவன் நண்பன். அருகாமை அறிமுகப்படுத்துகிறது, ஒப்புமை வந்து அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. எங்கள் விடுதிக்கு ஒரு வருஷம் பிடித்ததை மிச்சிகனில் அரை வருஷத்துக்குள் முடித்துவிட்டார்கள்.

என்னை அதிகம் தொந்தரவு செய்தது 2012இல் வெளியான ஒரு சிறு ஆராய்ச்சி. கான்ஸஸ் மாநிலத்தில் பல ஆயிரம் பேர் படிக்கும் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றையும், அதே மாநிலத்துச் சின்னக் கல்லூரிகள் சிலவற்றையும் ஒப்பிட்டார்கள். பெரிய இடத்தில் எல்லா விதமான மனிதர்களும் இருக்கிறார்கள். அங்கேதான் நட்புகள் பலதரப்பட்டவையாக இருக்கும் என்று எதிர்பார்ப்போம். நடந்தது தலைகீழ். பெரிய பல்கலைக்கழகத்து நண்பர்கள்தான் அபிப்ராயத்திலும் பழக்கவழக்கத்திலும் ஒருவரையொருவர் அதிகம் ஒத்திருந்தார்கள். காரணம் யோசித்தால் எளிதுதான். ஐந்நூறு பேரில் தன்னைப் போன்றவன் கிடைக்காவிட்டால் கிடைத்தவனோடு சிநேகமாக வேண்டும். இருபதாயிரம் பேரில் எவனும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் கூடக் கூட, தேர்வு குறுகிக்கொண்டே போகிறது. நட்பின் சிறப்பே நாமாகத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது, சொந்தபந்தம் மாதிரி தலையில் கட்டப்படுவதில்லை என்று பேசிக்கொண்டிருந்த எனக்கு இது உவப்பாக இல்லை.

என் சீட்டுக்கு வருகிறேன். முதல் வருஷம் என் அறையில் இருந்த இருவரில் ஒருவன் ராமநாதபுரம் பக்கத்துக் கிராமத்தான். சரித்திர வகுப்பு. அவன் அப்பா கரிமூட்டம் போடுகிறவர். சீமைக் கருவேலக் கட்டைகளை அடுக்கி, மேலே தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து நாள் கணக்கில் புகையவிட வேண்டும். மேல்மண் எங்காவது சரிந்து காற்று உள்ளே போய்விட்டால் கட்டை கரியாகாது, எரிந்து சாம்பலாகும். அதனால் ராத்திரியில் யாராவது முழித்திருந்து பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்த முழிப்பு அவனுடையது. புகையின் நிறத்தை வைத்து உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லத் தெரியும் அவனுக்கு. விளக்கணைத்த பிறகு இதையெல்லாம் சொல்வான். நான் கேட்டுக்கொண்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி பேச்சை நிறுத்திவிட்டு, 'மாப்ள, ஒருத்தன் பேசுறப்ப நீ கேக்குறதே இல்லடா. அடுத்து நீ என்ன சொல்லலாம்னுதான் யோசிச்சுக்கிட்டு இருக்கே' என்றான். கோபமாகச் சொல்லவில்லை. புகையின் நிறத்தைச் சொல்வது போலச் சொன்னான்.

இரண்டாம் வருஷம் நான் வேறு இரண்டு பேர் பெயரை எழுதினேன். என் வகுப்புக்காரர்கள், புத்தகம் படிக்கிறவர்கள், கவிதை எழுதிக் காட்டுகிறவர்கள். வார்டன் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் இரண்டு சீட்டு. 'இவன் உன் பேரை எழுதியிருக்கான். நீ அவனை எழுதலையே?' என்றார். 'நாங்க அப்படி ஒண்ணும் பேசிக்கலை சார்' என்றேன். அது உண்மைதான், பேசிக்கொள்ளவில்லை. அவன் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமாக அதை நினைக்கவில்லை.

ஜாதி பார்த்தோ ஊர் பார்த்தோ நான் அறை மாறவில்லை, ரசனை பார்த்துத்தான் மாறினேன் என்று வெகுகாலம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். மெர்ட்டன் பாஷையில், மற்றவர்களுடையது நிலையின் ஒப்புமை, என்னுடையது மதிப்புகளின் ஒப்புமை. அந்தப் பிரிவினை எவ்வளவு தூரம் நிற்கும் என்று பிறகுதான் பார்த்தேன். நாங்கள் மூவரும் அரசாங்கச் சம்பளக்காரர்களின் பிள்ளைகள். மூவர் வீட்டிலும் பத்திரிகை வாங்கினார்கள், மூவரும் ஊர் நூலகத்தில் உறுப்பினர். ஜாதியும் கிட்டத்தட்ட அடுத்தடுத்த படிகள்தான். பதினேழு வயதில் ஒருவன் எதைப் படித்திருக்கிறான் என்பது அவன் ஆத்மாவைப் பற்றிச் சொல்வதைவிட அவன் அப்பாவின் உத்தியோகத்தைப் பற்றி அதிகம் சொல்லும். பூர்தியு 1979இல் ரசனையைப் பற்றி ஒரு பெரிய புத்தகமே எழுதி நிரூபிக்கப் பார்த்தது ஏறக்குறைய இதைத்தான். துருபதன் வாயால் சொன்னதை நான் ரசனையால் சொன்னேன். அவனுக்காவது துரோணன் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

ஒத்தவன் என்கிறோமே, எதில் ஒத்தவன்? எந்த இரண்டு மனிதருக்குள்ளும் ஆயிரம் ஒப்புமையும் ஆயிரம் வேற்றுமையும் காட்டலாம். அதில் எது கணக்கில் வரும் என்பதை அந்த இரண்டு பேரும் தீர்மானிப்பதில்லை, நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தீவிரமான சாட்சி அம்பேத்கரின் வாழ்க்கை. 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போன அவருக்கு அங்கே மாணவர் விடுதியில் கிடைத்த சிநேகிதர் நவல் பதேனா என்ற பார்ஸி. ஆயுள் பரியந்தம் நீடித்த சிநேகம், பண நெருக்கடிகளில் கைகொடுத்த சிநேகம். நியூயார்க்கில் இருவரும் இந்தியர்கள். 1917இல் திரும்பி பரோடாவுக்கு உத்தியோகம் பார்க்க வந்தவருக்குத் தங்க இடமில்லை. ஒரு பார்ஸி சத்திரத்தில் பார்ஸிப் பெயரைச் சொல்லித் தங்கினார். பதினோராவது நாள் தடிகளோடு வந்து அவரை வெளியேற்றியவர்களும் பார்ஸிகள். அமெரிக்காவில் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது பரோடாவில் எங்கே போயிற்று? மனிதர்கள் வேறு என்று பதில் சொல்லலாம். அது போதாது என்று நினைக்கிறேன். பதேனாவுக்கும் அம்பேத்கருக்கும் நடுவே அவர்கள் இருவருக்குமே சொந்தமில்லாத ஒரு நடைவழி இருந்தது. பரோடாவில் அப்படி ஓர் இடம் இல்லை.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும், வரவேண்டும். தன்னை ஒத்தவர்களோடு சேர்வது எல்லோருக்கும் ஒரே காரியமல்ல. ஆதிதிராவிடர் நல விடுதிகள் ஜாதிவாரியாக மாணவர்களைப் பிரித்து வைக்கின்றன என்று குறை சொல்பவர்கள், அந்த விடுதிகள் இல்லாவிட்டால் நகரத்தில் வாடகைக்கு அறை கிடைக்காமல் படிப்பையே விட்டிருக்கக்கூடியவர்களைப் பற்றி யோசிப்பதில்லை. வகுப்பில் தன் பேச்சு உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்றால், சாயந்தரம் சிரிக்காத நாலு பேரோடு உட்கார வேண்டியது ஒரு உயிர்த்தேவை. அது புகலிடம். என்னைப் போன்றவன் என்னைப் போன்றவர்களோடு சேர்வது புகலிடமல்ல. என்னை யாரும் துரத்தவில்லை. வசதி, அவ்வளவே. ஹோமோஃபிலி என்ற ஒரே பெயருக்குள் இரண்டையும் போடுவது விஞ்ஞானத்துக்குச் சௌகரியமாக இருக்கலாம், ஆனால் தார்மீகமாக இரண்டும் வேறு.

நண்பன் என்பவன் இன்னொரு தான் என்ற எண்ணத்தை அரிஸ்டாட்டில் தன் அறவியலில் விஸ்தாரமாகப் பேசுகிறார். நம்மைவிடப் பிறரைத்தான் நம்மால் நன்றாகப் பார்க்க முடிகிறது, ஆகவே நல்ல நண்பனைப் பார்ப்பது தன்னையே பார்ப்பது போல என்று அவர் வாதம் போகிறது. ஆழமான வாதம்தான். ஆனால் என் விஷயத்தில் நடந்ததை அதற்குள் அடைக்க முடியவில்லை. பிறர் பேச்சை நான் கேட்பதில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னவன் ஒருவன்தான். புது அறையில் இருந்த மூவரும் ராத்திரி இரண்டு மணி வரை பேசினோம், வாதாடினோம், ஒருவர் கவிதையை ஒருவர் கிழித்தோம். அந்த இரண்டு வருஷத்திலும் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது. மூவரும் அதையேதான் செய்துகொண்டிருந்தோம். மூவருக்கும் பொதுவான குறை எங்களுக்குள் ஒரு குறையாகவே தெரியாது. குணமாகக்கூடத் தெரியும். அதற்கு 'ஷார்ப்' என்று பெயர் வைத்திருந்தோம்.

பழைய அறையில் என் வாளியை விட்டுவிட்டு வந்திருந்தேன். அவன் அதை எடுத்துக்கொண்டு எங்கள் அறைக்கு வந்தான். கதவு திறந்துதான் இருந்தது. நாங்கள் எதையோ பேசிக்கொண்டிருந்தோம். வெளியிலேயே நின்று, 'உள்ள வரலாமா?' என்று கேட்டான். அதற்கு முன் ஒரு வருஷம் அவன் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டியிருந்ததில்லை. ஒருவன் 'வாங்க' என்றான், மரியாதையாக. அவன் வாளியை வாசற்படிக்கு உள்பக்கம் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு மெஸ்ஸில் பார்த்தால் சிரிப்போம்.

அமெரிக்காவில் ட்யூக் பல்கலைக்கழகம் 2018இல் முதல் வருஷ மாணவர்கள் தாங்களே அறைத்தோழனைத் தேர்ந்துகொள்ளும் வழக்கத்தை நிறுத்தியது. வருவதற்கு முன்பே தங்களைப் போன்றவர்களைத் தேடிச் சேர்ந்துகொண்டு வந்துவிடுகிறார்கள் என்பது காரணம். நல்ல காரியம் என்றுதான் நினைக்கிறேன், பெரிய நம்பிக்கையோடு அல்ல. விண்ணப்ப எண் எனக்கு ஒரு வருஷத்தைக் கொடுத்தது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பதில் விண்ணப்ப எண்ணுக்குப் பொறுப்பில்லை. எங்கள் அறையின் மூன்றாவது ஆளோடு எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகவேயில்லை. அவனுக்கும் எனக்கும் ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்தப் பத்திரிகையில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பத்து வருஷமாக என் சிநேகிதர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட பத்திரிகைகள் வழியே வந்தவர்கள். எங்களுக்குள் சண்டைகள் பலமானவை. ஒருவர் மற்றவரின் கட்டுரைக்கு எட்டுப் பக்கம் மறுப்பு எழுதியிருக்கிறோம். அதனால் வேறுபட்டவர்கள் கூடியிருக்கும் இடம் இது என்று ஒரு பிரமை. ஆனால் எதைப் பற்றிச் சண்டை போடலாம் என்பதில் எங்களுக்குள் எப்போதும் பூரண சம்மதம் இருந்திருக்கிறது. அந்தச் சம்மதத்துக்கு வெளியே இருந்து ஒரு குரல் வந்தால், 'வாங்க' என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்திருக்கிறோம். எங்கள் தரத்தைப் பற்றி நாங்கள் சொல்லிக்கொள்வதில் உண்மையே இல்லை என்று நான் சொல்லவில்லை. தரம் வேறு, பழக்கமான குரல் வேறு என்று பிரித்துப் பார்க்க நான் கற்றுக்கொள்ளவில்லை என்கிறேன்.

சென்ற இதழ் தபாலில் சேர்க்கும்போது ஆசிரியர் வீட்டில் முகவரி ஒட்ட நானும் உட்கார்ந்தேன். முந்நூற்றுச் சொச்சம் கவர்கள். என்னைப்போல் வங்கியில் இருப்பவர்கள், எல்.ஐ.சி.க்காரர்கள், கல்லூரி ஆசிரியர்கள், இரண்டு டாக்டர்கள். பாதிப் பேரை எனக்கு நேரில் தெரியும், மீதியில் பாதிப் பேர் எழுதியதைப் படித்திருக்கிறேன். ராமநாதபுரம் மாவட்டத்துக்கு இரண்டு பிரதி போயிற்று. இரண்டுமே ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு.